வண்டியில் ஏறிய வீடு: கொள்ளிடக் கரையிலிருந்து வேளாங்கண்ணிக் கடற்கரைக்கு



ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் திருமழபாடி, திருமானூர், ஏலாக்குறிச்சி வட்டாரத்தில் வேன்களுக்குக் கிராக்கி வந்துவிடும். ஆகஸ்டு 29-ம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8-ம் நாள் அன்னையின் பிறப்பு விழா. இந்தப் பதினோரு நாள்களுக்குள் எப்படியாவது ஒருமுறை போய் வந்துவிட வேண்டும் என்று அன்பியக் கூட்டங்களில் பேச்சு தொடங்கும். தலைக்கு இவ்வளவு என்று பணம் சேர்ப்பார்கள். யார் வீட்டு அண்டா, யார் வீட்டுத் தார்ப்பாய் என்பதெல்லாம் முடிவாகும். புறப்படும் நாளில் எட்டிப் பார்த்தால் வேனுக்குள் ஒரு வீடே ஏறியிருக்கும். பாய், தலையணை, தண்ணீர் கேன், புளிச்சோற்று வாளி, அரிசி மூட்டை, அடுப்பு, கைக்குழந்தைக்காக இரண்டு கம்பிகளுக்கு நடுவே கட்டிய சேலைத் தொட்டில், முன்கண்ணாடியில் பூ சாத்திய மாதா படம். நம் பகுதியிலிருந்து வேளாங்கண்ணி ஒரே நாளில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். ஆனாலும் நம்மவர்கள் அதை இரண்டு மூன்று நாள் பயணமாக ஆக்கிக்கொள்வார்கள். ஏலாக்குறிச்சியில் செபித்து, பூண்டி மாதாவைப் பார்த்து, வழியில் ஒரு மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டு, பிறகுதான் கடற்கரை.

இப்படி வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. இங்கிலாந்தின் வடபகுதியில் கோடை விடுமுறை வந்தால் சாலைகளில் இதே காட்சிதான். அவர்களிடம் அதற்கென்றே கட்டிய வண்டி இருக்கிறது. மோட்டார் ஹோம் என்பார்கள். உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் உண்டு. டர்ஹாம், விட்பி, ஸ்கார்பரோ என்று ஊர் ஊராக நிறுத்தி, கடலைப் பார்த்தபடி தேநீர் குடித்து, அடுத்த ஊருக்குப் போவார்கள். நம் ஊரில் இந்த வண்டியைக் 'கேரவன்' என்று சொன்னால்தான் புரியும், சினிமா நடிகர்கள் படப்பிடிப்பு இடைவேளையில் உட்காரும் வண்டி என்று!

ஆனால் கேரவன் என்ற சொல் முதலில் வண்டியைக் குறிக்கவில்லை. பாரசீக மொழியில் அது சேர்ந்து பயணம் செய்கிற கூட்டத்தின் பெயர். பாலைவனத்தைத் தனியாகக் கடக்க முடியாது என்பதால் ஒட்டகங்களோடும் சரக்குகளோடும் ஒன்றாகப் போனவர்களுக்கு அந்தப் பெயர். லூக்கா நற்செய்தியில் பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டபோது, அவர் 'பயணிகள் கூட்டத்தில்' இருப்பார் என்று எண்ணி மரியாவும் யோசேப்பும் ஒருநாள் வழி நடந்தார்கள் என வாசிக்கிறோம் (லூக் 2:44). அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'சினோதியா'. ஒரே வழியில் சேர்ந்து நடப்பவர்கள் என்று பொருள். 2021 முதல் 2024 வரை நம் பங்குகளில் அடிக்கடி கேட்ட 'சினோடு' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆயர் மாமன்றத்தைப் பற்றிய சுற்றறிக்கைகள் நமக்குக் கடினமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் வேளாங்கண்ணி வேனில் ஒருமுறையாவது போனவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் முன்பே தெரியும்.

திருக்குடும்பமே தன் பிள்ளையை ஒருநாள் முழுதும் தவறவிட்டிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். உறவினரோடு இருப்பான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். வேன் புறப்படும் முன் ஒவ்வொரு முறையும் தலைகளை எண்ணுவதற்கு இதைவிட நல்ல மறைநூல் ஆதாரம் கிடைக்காது.

மாடு முடிவு செய்த காலம்

நம் தாத்தா பாட்டிகள் காலத்தில் இதே வழியில் கூண்டு வண்டிகள் போயின. வளைத்த மூங்கிலின் மேல் பாய் வேய்ந்த கூண்டு, உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம், வண்டிக்கு அடியில் ஆடிக்கொண்டே வரும் அரிக்கேன் விளக்கு, பின்னால் மாட்டுத் தீவனம். எங்கே நிற்பது, எத்தனை நேரம் நிற்பது என்பதை மனிதர்கள் முடிவு செய்யவில்லை. மாடு முடிவு செய்தது. அது களைத்தால் பயணம் நிற்கும். தண்ணீரும் நிழலும் உள்ள இடத்தில்தான் அவிழ்த்துவிட முடியும். அந்த இடம் யாரோ ஒருவருடைய களமாகவோ, சாவடியாகவோ, கோவில் வாசலாகவோ இருக்கும். அங்கே இருப்பவர்களிடம் கேட்டுத்தான் தங்க வேண்டும்.

திருமழபாடிக்கு இது பழகிய காரியம். பங்குனியில் நந்தியின் திருமண விழா நடக்கும் ஊர் இது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று இந்த வட்டாரமே சொல்லும். வைத்தியநாத சுவாமி கோவிலுக்குத் திரளும் கூட்டத்துக்கு அந்த நாள்களில் ஊரே இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். கொள்ளிடக் கரை ஊர்களில் வாழ்கிற நமக்கு, வழிப்போக்கருக்குத் திண்ணை கொடுப்பது எந்த மதத்தாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் அல்ல.

மறைநூலும் மாட்டின் பக்கம்தான் பேசுகிறது. யாக்கோபு தன் அண்ணன் ஏசாவைச் சந்தித்தபின் அவர், சேர்ந்து போகலாம் வா என்கிறார். யாக்கோபு மறுக்கிறார். பிள்ளைகள் இளையவர்கள், குட்டி போட்ட ஆடுமாடுகள் உடன் இருக்கின்றன, ஒரேநாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், ஆகவே நான் அவற்றின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்ப மெல்ல வருகிறேன் என்கிறார் (தொநூ 33:12-14). யாக்கோபுக்கு அண்ணன்மேல் பயமும் இருந்தது என்பது வேறு கதை. ஆனாலும் குடும்பத்தோடு பயணம் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல அறிவுரை விவிலியத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை. பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்களும் அப்படியே. மேகம் எழுந்தால் நடந்தார்கள், மேகம் நின்றால் கூடாரம் அடித்தார்கள். அது இரண்டு நாளாக இருந்தாலும் சரி, ஒரு மாதமாக இருந்தாலும் சரி (எண் 9:15-23). நிற்பதும் ஆண்டவரின் கட்டளையாகவே அங்கே சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் கல்வீடுகளில் வாழத் தொடங்கிய பிறகும், ஆண்டுக்கு ஏழு நாள் குடிசையில் தங்க வேண்டும் என்று அவர்களுக்குச் சட்டம் இருந்தது (லேவி 23:42-43). நிலையான வீடு கிடைத்தவர்கள், வீடில்லாமல் இருந்த காலத்தைத் தங்கள் பிள்ளைகளுக்கு உடலால் காட்டுவதற்கு அந்த ஏழு நாள்.

ஆற்றைக் கடந்து வந்தவர்கள்

நம் வேன் முதலில் நிற்கும் ஏலாக்குறிச்சிக்கு இந்த வீடற்ற காலத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. அங்குள்ள அன்னையின் பெயர் அடைக்கல மாதா. 53 மணி செபமாலையை நினைவூட்டும் 53 அடி உயரச் சுரூபத்தைப் பார்த்து வணங்கிவிட்டு வரும் நம்மில் பலர், ஏன் 'அடைக்கலம்' என்று கேட்பதில்லை.

1700-களின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் தென்கரை தஞ்சை மராட்டியர் ஆட்சியில் இருந்தது. வடகரையில் அரியலூர் மழவராயர்கள் ஆண்டார்கள். 1701-ல் தஞ்சை அரசில் கிறிஸ்தவர்கள் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டார்கள். அப்படிப்பட்ட காலங்களில் மக்கள் ஆற்றைக் கடந்து வடகரைக் காடுகளுக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊர்களில் ஒன்று ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். காவல் கிடைத்த ஊர்.

இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680 நவம்பர் 8-ல் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்ற இயேசு சபைத் துறவிதான் நம் வீரமாமுனிவர். 1710-ல் கோவாவில் இறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை என்று அவர் தமிழுக்குத் தந்தவை பள்ளிப் பாடநூலிலேயே உண்டு. நம் பகுதி மக்களுக்கு முக்கியமானது திருக்காவலூர்க் கலம்பகம். பெருந்தெய்வங்களுக்கும் பேரரசர்களுக்கும் பாடப்பட்ட கலம்பகம் என்ற இலக்கிய வகையை, அகதிகள் வந்து தங்கிய ஒரு காட்டு ஊரின் மாதாவுக்குப் பாடியிருக்கிறார். மழவராயருக்கு வந்த ராஜபிளவை நோய் அன்னையின் அருளால் வீரமாமுனிவர் மூலம் நீங்கியது என்றும், அதற்கு நன்றியாக அவர் திருத்தலத்துக்கு நிலம் கொடுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்த அரசர் நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். இடம் கொடுத்தவர் அவர்.

இதை நினைத்துக்கொண்டு திருமானூர்ப் பாலத்தில் ஏறிப் பாருங்கள். வேன் சில நிமிடங்களில் அக்கரைக்குப் போய்விடும். ஒருபுறம் மணல்திட்டு, நாணல், வெள்ளம் வந்த ஆண்டென்றால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், காவிரியில் மிஞ்சும் வெள்ளத்தைச் சுமக்கும் ஆறு. பாலமும் அணையும் இல்லாத காலத்தில், கைக்குழந்தையோடும் சட்டிபானையோடும், பெரும்பாலும் இரவில், இதே ஆற்றைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தவர்கள் நம் முன்னோர்கள். நாம் வடக்கிலிருந்து தெற்காகக் கொண்டாட்டத்தோடு கடக்கிறோம். இன்று கொள்ளிடத்தின் இரு கரையும் 1899-ல் நிறுவப்பட்ட ஒரே கும்பகோணம் மறைமாவட்டம். ஏலாக்குறிச்சியும் நம்முடையது, 1999-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட பூண்டியும் நம்முடையது. எல்லையாக இருந்த ஆறு இப்போது நம் வீட்டு முற்றத்தில் ஓடுகிறது.

கடல் மூடும் சாலை

மறுபடியும் அந்த இங்கிலாந்துச் சாலைக்கு வருவோம். அங்கே போகிற மோட்டார் ஹோம்களில் பெரும்பாலானவை சுற்றுலா வண்டிகள்தான். ஆனால் அவை போகிற ஊர்கள் பழைய திருத்தலங்கள். விட்பியில் கடலைப் பார்த்த குன்றின்மேல் புனித ஹில்டா 657-ல் ஒரு துறவு மடத்தை நிறுவினார். ஆண் துறவியரும் பெண் துறவியரும் இருந்த அந்த மடத்துக்கு ஒரு பெண் தலைமை தாங்கினார். அங்கே மாடு பார்த்துக்கொண்டிருந்த கேட்மன் என்பவர்தான் பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர். படிப்பறிவில்லாத மாட்டுக்காரர் தம் தாய்மொழியில் ஆண்டவரைப் பாடியதைக் கேட்டு, அவரை மடத்திலேயே சேர்த்துக்கொண்டார் ஹில்டா.

இன்னும் வடக்கே போனால் லிண்டிஸ்பார்ன் தீவு. புனித எய்டன் 635-ல் அங்கே மடம் அமைத்தார். பின்னாளில் ஆயரான புனித கத்பர்ட் 687-ல் இறந்தார். 793-ல் கடல்வழியே வந்த வைக்கிங்குகள் மடத்தைச் சூறையாடினார்கள். தாக்குதல் பயம் நீங்காததால் 875-ல் துறவிகள் தீவை விட்டுக் கிளம்பினார்கள். எதை எடுத்துக்கொண்டு போனார்கள் தெரியுமா? புனித கத்பர்டின் உடல் இருந்த பேழையை. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அதைச் சுமந்துகொண்டு வட இங்கிலாந்து முழுதும் அலைந்தார்கள். 883-ல் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்ற ஊரில் இடம் கிடைத்தது. அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாகி, கடைசியில் 995-ல் டர்ஹாமில் நின்றது. காணாமற்போன பசுவைத் தேடிவந்த ஒரு பெண்தான் அந்த இடத்துக்கு வழி காட்டினார் என்று அவ்வூர் மரபு சொல்கிறது. வேளாங்கண்ணியில் முதலில் அன்னையைக் கண்டவன் பால் கொண்டுபோன சிறுவன் என்று நம் மரபு சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது. பெரிய அடையாளங்கள் பால்காரர்களிடம்தான் முதலில் வந்து சேர்கின்றன போலும்.

லிண்டிஸ்பார்னுக்கு இன்றும் ஒரு சிறப்பு உண்டு. கரையையும் தீவையும் இணைக்கும் சாலையைக் கடல் நாள்தோறும் இருமுறை மூடிவிடும். நீர் இறங்கிய நேரத்தில்தான் வண்டி போகலாம். எந்த நேரத்தில் பாதுகாப்பு, எந்த நேரத்தில் ஆபத்து என்று பட்டியல் அச்சிட்டு, சாலையின் இரு முனைகளிலும் வைத்திருக்கிறார்கள். அப்படியும் இன்னும் பத்து நிமிடம்தானே என்று இறங்கிவிடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்கள். இயந்திரம் நின்றுவிடும், தண்ணீர் ஏறும். அவர்களுக்காகவே அந்தச் சாலையோரம் உயரமான கால்களின்மேல் ஒரு சின்ன மரக்குடில் கட்டி வைத்திருக்கிறார்கள். வண்டியை விட்டுவிட்டு ஏணியில் ஏறி, படகு வரும்வரை அதில் உட்கார்ந்திருக்கலாம். அந்தக் குடிலுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'அடைக்கலப் பெட்டி'. புனித வாரத்தில் பெரிய மரச்சிலுவைகளைத் தோளில் சுமந்து, கடல்மணலில் வெறுங்காலோடு நடந்து அந்தத் தீவுக்குச் செல்லும் திருப்பயணிகளும் இந்தக் குடிலைப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறார்கள்.

எல்லா வசதியும் உள்ள மோட்டார் ஹோமில் போகிறவருக்கும் கடைசியில் வேறொருவர் கட்டி வைத்த குடில் தேவைப்படுகிறது. இது விபத்து நேரத்துக்கு மட்டும் உரியதல்ல. அந்தக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் 'இரவில் வண்டியில் தூங்கக் கூடாது' என்ற அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன. கழிவுநீரைக் கண்ட இடத்தில் கொட்டியவர்களாலும், கடலை மறைத்து வாரக்கணக்கில் நிறுத்தியவர்களாலும் ஊர்க்காரர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். வீட்டைச் சக்கரத்தில் ஏற்றலாம். ஆனால் நிறுத்துவதற்கு நிலம் வேண்டும், நிலம் எப்போதும் வேறொருவருடையதாகவே இருக்கிறது.

நம் வண்டியில் உள்ள மூன்று ஆபத்துகள்

நாம் நிறுத்தும் நிலங்களைப் பற்றிப் பேசுமுன், வண்டிக்குள் இருப்பதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இதைப் பங்குத்தந்தையர் அறிவிப்பில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், அது போதாது.

2023 ஆகஸ்டு 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த ஒரு சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து இராமேஸ்வரம் நோக்கி வந்த திருப்பயணிகள் அதில் இருந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த சமையல் எரிவாயு உருளையே காரணம். காலைத் தேநீருக்காக அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போலவே வீட்டைப் பயணத்தில் ஏற்றியவர்கள். பக்தியில் நமக்குக் குறைந்தவர்கள் அல்லர். வேனின் பின் இருக்கைக்கு அடியில் உருளையை உருட்டிவிட்டு, அதன்மேல் பாயைப் போட்டு, பாய்மேல் பிள்ளைகளைப் படுக்க வைக்கும் நாம் இந்தச் செய்தியை இன்னொரு முறை படிக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, வண்டியின் தரையிலேயே தேங்கும், தூங்குகிறவர்களின் முகத்தருகே. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொண்டு போனால் முதல் நாள் கழிந்துவிடும். அதற்குப்பின் வழியில் எத்தனையோ உணவகங்கள் உண்டு. சமைத்தே தீர வேண்டுமென்றால், வண்டியை விட்டு நன்றாகத் தள்ளி, திறந்த வெளியில் விறகடுப்பு மூட்டுவதே மேல்.

இரண்டாவது ஆபத்து தூக்கம். வேனில் எல்லோரும் தூங்கலாம், ஓட்டுநரைத் தவிர. திருப்பலி, தேர்பவனி எல்லாம் முடிந்து இரவு பதினொரு மணிக்குக் கிளம்பி விடிவதற்குள் ஊர் சேரலாம் என்று திட்டம் போடுகிறோம். பகல் முழுதும் நாம் கோவிலில் இருந்தபோது அவர் வெயிலில் வண்டிக்குக் காவல் இருந்தார். முந்தின நாள் வேறு யாருக்கோ ஓட்டியிருப்பார், சீசன் அல்லவா! பின்னிரவு இரண்டு மணியிலிருந்து விடியும்வரை மனித உடல் எவ்வளவு முயன்றாலும் தூக்கத்துக்கு இழுக்கும். தேநீரும் பாட்டும் அதைச் சிறிது தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே நம் நாட்டில் சட்டம் வரையறுத்தது. அந்த வரம்பைத் திருப்பயணக் காலத்தில் மீறுகிறவர்கள் முதலாளிகள் மட்டும் அல்ல, வாடகைக்கு எடுக்கும் நாமும்தான். இன்னொரு நாள் வாடகை கூடுமே என்பது ஏழைக் குடும்பங்களுக்கு உண்மையான கவலைதான், அதை மறுக்கவில்லை. அதற்கு வழியுண்டு. மாலையே கிளம்பி, பாதி வழியில் இரவு தங்கி, விடிந்தபின் ஓட்டினால் பெரும்பாலும் அதே வாடகைதான். பாதி வழியில் தங்க இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இரவுச் சாலையில் இன்னொரு கூட்டமும் போகிறது. காவி உடுத்தி, சிறிய தேரைத் தள்ளிக்கொண்டு, மரியே வாழ்க என்று சொல்லி நடந்து போகும் நம் சகோதரர்கள். பகல் வெயிலுக்குப் பயந்து அவர்கள் இரவில் நடக்கிறார்கள். வளைவில் திடீரென்று தெரியும் அந்தக் கூட்டத்துக்கும் தூக்கக் கண்ணோடு வரும் வேனுக்கும் நடுவே எதுவும் இல்லை. நடப்பவர்கள் முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டியிருந்தால் ஓட்டுநருக்குத் தூரத்திலேயே தெரியும். புறப்படும்முன் மந்திரிக்கும்போதே பங்கில் அதை ஒட்டி அனுப்பலாம்.

மூன்றாவது தண்ணீர். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்கும் பிள்ளை அடுத்த அடியில் மூழ்கிவிடும். வேளாங்கண்ணிக் கடலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மசுக்கு மறுநாள். விழாவுக்கு வந்து, கடலில் கால் நனைக்கப் போனவர்கள், கடற்கரைக் கடைகளில் நின்றவர்கள் என நூற்றுக்கணக்கானோரை ஆழிப்பேரலை கொண்டுபோனது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் இறந்தவர்களில் பலர் தூரத்து ஊர்களிலிருந்து வந்த திருப்பயணிகள். யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று தெரியாமலே பலர் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவிடம் அங்கே இருக்கிறது. வேனில் போகிறவர்கள் கடைத்தெருவுக்கும் கடலுக்கும் ஒதுக்கும் நேரத்தில் பத்து நிமிடத்தை அங்கே செலவிட்டு ஒரு பத்துமணி செபமாலை சொல்லலாம். அவர்களும் நம்மைப் போல வண்டியில் வந்தவர்கள். அந்த வண்டிகள் அவர்கள் இல்லாமல் ஊர் திரும்பின.

வேளாங்கண்ணியின் மூன்று மரபுச் செய்திகளில் மூன்றாவது, புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகளைப் பற்றியது. செப்டம்பர் 8-ல் கரை சேர்ந்தார்கள் என்றும், மீனவர்கள் அவர்களை அங்கிருந்த சிறு கோவிலுக்குக் கூட்டிச்சென்றார்கள் என்றும், நன்றியாக அவர்கள் கோவிலைக் கட்டினார்கள் என்றும் சொல்கிறோம். 1962-ல் திருத்தந்தை 23-ம் யோவான் அதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். ஏலாக்குறிச்சியில் ஆற்றைக் கடந்தவர்கள், வேளாங்கண்ணியில் கடலில் தப்பியவர்கள்: நம் வேன் பயணம் புறப்படும் முனையிலும் முடியும் முனையிலும் வழி தெரியாமல் வந்து நின்றவர்களுக்கு யாரோ கதவு திறந்த கதைதான் இருக்கிறது.

பாதி வழியில் ஒரு முற்றம்

இங்கேதான் நம் பங்குகளிடம் ஒரு வேண்டுகோள். நடைபயணமாக வருகிறவர்களுக்கு வழியிலுள்ள பல பங்குகள் மோரும் சோறும் கொடுத்து, பள்ளி வராந்தாவில் படுக்க இடம் தருகின்றன. மிக நல்ல வழக்கம் அது. வேனில் வருகிறவர்களை மட்டும் வசதியுள்ளவர்கள் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். தலைக்கு இருநூறு முந்நூறு என்று சேர்த்து வண்டி பிடித்தவர்கள் விடுதி அறை எடுக்க முடியாதவர்கள். ஆகவே அவர்கள் சாலையோரம் நிறுத்துகிறார்கள், அல்லது நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள். இரண்டும் ஆபத்து. பெண்களும் வளர்ந்த பெண்பிள்ளைகளும் இருட்டில் கழிப்பிடம் தேடி வயல்பக்கம் போக வேண்டியிருக்கிறது. இதை யாரும் வெளியில் சொல்வதில்லை, ஆனால் வீட்டில் வந்து சொல்வார்கள்.

திருவையாறு, தஞ்சை, நீடாமங்கலம், திருவாரூர் வழியே போகும் சாலையில் கோவில் வளாகமோ பள்ளி மைதானமோ உள்ள பங்குகள் இருக்கின்றன. கும்பகோணம் மறைமாவட்டமும் தஞ்சை மறைமாவட்டமும் பேசிக்கொண்டால் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 9 வரை சில முற்றங்களை இரவில் திறந்து வைப்பது முடியாத காரியம் அல்ல. தேவைப்படுபவை மிகக் குறைவு. இரவு முழுதும் எரியும் இரண்டு விளக்கு, ஒரு குழாய், பூட்டாத கழிப்பறை, ஓட்டுநர்கள் படுக்கத் தனியாக மின்விசிறி உள்ள ஓர் அறை. வாசலில் இளைஞர் இயக்கத்தினர் இரண்டிரண்டு பேராக முறை போட்டு உட்கார்ந்தால் போதும். வருகிறவர்களும் சிலவற்றை ஒப்புக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். எரிவாயு உருளைக்கு அனுமதி இல்லை. இலைகளையும் பிளாஸ்டிக் தம்ளர்களையும் தாங்களே கூட்டி, சொன்ன தொட்டியில் போட வேண்டும். இரவு பத்து மணிக்குப்பின் ஒலிபெருக்கி கூடாது, அது மாதா பாட்டாகவே இருந்தாலும். பக்கத்து வீட்டாருக்கும் மறுநாள் வேலை உண்டு, அவர்களில் பலர் நம் சமயத்தவர் அல்லர்.

யாரெல்லாம் வரலாம் என்று கேட்டால், மாதா படம் ஒட்டிய வண்டி மட்டும் என்று சொல்லாமல் இருப்பது நல்லது. நாகூருக்கும் திருநள்ளாறுக்கும் போகிறவர்களும் அதே பக்கமாகத்தான் வருகிறார்கள். மழவராயர் ஆற்றைக் கடந்து வந்தவர்களிடம் எதைக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டு இடம் கொடுத்ததாகக் கதை இல்லை.

பள்ளி வளாகமாக இருந்தால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. செப்டம்பர் முதல் வாரத்தில் பள்ளிகள் நடக்கும். வேன்கள் காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று வாசலிலேயே எழுதி வைத்துவிடலாம். ஆறு மணிக்கு மணி அடித்து, கூடியிருப்பவர்களோடு சிறு காலைச்செபம் சொல்லி, ஓட்டுநர்களுக்கு முதலில் தேநீர் கொடுத்து அனுப்பினால், முதல் மாணவர் வருவதற்குள் மைதானத்தைக் கூட்டிவிட நேரம் இருக்கும்.